செம்பு நிறத்தில் நிறுத்துவது

கோத்தகிரிக்குக் கீழே, கட்டபெட்டுப் பாதையில்
தகரக்கூரை போட்ட தேயிலை ஃபேக்டரி.
இலையைக் கெடவிடுவது என் உத்தியோகம்.
இருபத்து மூன்று வருஷமாக, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்.

ரோலரில் நசுங்கி வந்த பச்சையை
ரெண்டு விரற்கடை உயரத்துக்குத் தரையில் பரப்பி
காற்றைக் குடிக்க விடுவேன்.
குடித்த இலை சூடாகும்.
அடுப்பில்லை, கரியில்லை,
புறங்கையை வைத்தால் தெரியும்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.
பச்சை செம்பாகும்.
புல் வாசம் போய்ப் பேரிக்காய் வாசம் வரும் ஒரு நிமிஷம்.
அப்போது கத்த வேண்டும்: "ட்ரையர்!"
முந்தினால் கசப்பு.
பிந்தினால் சப்பை.

சித்திரையில் எனக்கு நெஞ்சு அடைத்தது.
கோயமுத்தூரில் உள்ளே ஒரு கம்பிச் சுருளை வைத்து
பஸ் ஏற்றிவிட்டார்கள்.
அதற்கு முன் ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைச் சுற்றி
டாக்டர் ஃபர்ஸானா பேனாவால் வட்டமிட்டார்.
"கொழுப்பு மட்டும் இல்லை போஜராஜ். அழற்சி.
குழாய்ச் சுவருக்குள் புகுந்த கொழுப்பு
ஆக்சிஜன் ஏறிக் கெடுகிறது,
அதைச் சுற்றி உடம்பு சண்டை போடுகிறது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆக்சிஜன் ஏறுவதா? என்னிடமா சொல்கிறீர்கள்?
மாதம் நாற்பது டன் ஏற்றுகிறேன் மேடம்.

அழற்சி.
மேட்டுப்பாளையம் தாண்டி
வளைவுக்கு வளைவு சொல்லிப் பார்த்தேன்.
அழல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது,
சாம்பலை விலக்காமல்.

மச்சினன் ரெங்கராஜ் ஒரு டப்பாவோடு வந்தான்.
ஆன்டிஆக்ஸிடன்ட், அறுபது மாத்திரை,
சொந்தக்காரன் என்பதால் ரெண்டாயிரத்து நூறு.
டாக்டருக்குப் போன் போட்டேன்.
"டப்பாவில் அடைத்ததை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று.
மாரடைப்பு குறைந்தபாடில்லை.
பழமாக, கீரையாகத் தின்கிறவர்களுக்கு நன்றாயிருக்கிறது.
அது பழத்தாலா
பழம் தின்கிற மாதிரி வாழ்வதாலா
என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.
தின்னுங்கள்.
கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். பீடியை விடுங்கள்."
கடைசி வாக்கியத்துக்கு முன்னாடியே
டவர் போயிருக்கலாம்.

அடுத்த ஷெட்டில் கிரீன் டீ.
அதே சரிவு, அதே செடி,
பறித்த சூட்டோடு ஆவி காட்டி
பழுப்பு தொடங்கும் முன்பே வாயை அடைத்துவிடுவார்கள்.
டப்பாவில் ஒரு சிவப்பு இதயம்.
புஷ்பலீலா லேபிள் ஒட்டுகிறாள்,
ஷிஃப்டுக்கு அறுநூறு இதயம்.
அவள் குடிப்பது டஸ்ட் டீ, பால், மூன்று கரண்டி சீனி.
"இது நமக்கில்லண்ணே,
ஊட்டிக்கு வாற ஆளுகளுக்கு."
பிரஷர் மாத்திரை அவளும் போடுகிறாள்,
ஞாபகம் வந்தால்.

வைகாசி முடிகிற ஒரு ராத்திரி
அவள் டிபன் பாக்ஸ் நிறையத் தவிட்டுப்பழம்.
சாயங்காலம் சோலை ஓரத்தில் பறித்தது,
காட்டெருமை நின்றதாம், இவளும் நின்றாளாம்,
எருமைதான் முதலில் கிளம்பியதாம்.
ரெண்டு பேரும் மூட்டை மேல் உட்கார்ந்து தின்றோம்.
விரல், உதடு, நாக்கு எல்லாம் மைக்கூடு.
"காட்டுங்க பாப்போம்" என்றாள்.
ஐம்பத்து நாலு வயதில்
ஒரு பெண்பிள்ளையிடம் நாக்கை நீட்டிக் காட்டினேன்.
ஹாலன் லாரி லோடு ஏற்றுவதை விட்டுவிட்டுச் சிரித்தான்.
மருந்து என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றே முக்கால்.
கூரையில் மஞ்சு சொட்டுகிறது.
புறங்கையை இலையில் வைக்கிறேன்.
அதே கையை ஸ்வெட்டருக்குள் விட்டு
இடப்பக்கம் வைக்கிறேன்.
ரெண்டும் ஏறக்குறைய ஒரே சூடு.
இலைக்கு நேரம் சொல்ல நான் நிற்கிறேன்.
பேரிக்காய் வாசம் வருகிறது.
"ட்ரையர்!"

மேல்பாக்கெட்டில் இன்னும் பீடி இருக்கிறது.
கட்டு இல்லை.
ஒன்று.