இளஞ்சிவப்பு வரும்வரை

வியாழன் இரவு கழித்தல் நான்கு என்கிறது வானிலை.
வண்டிக்குள் இருக்கும் சலவை இயந்திரத்துக்கு
அது தெரியாது.

கெசெக்கேயில் பிரிங்க்மானின் கொட்டகை,
மார்ச் வரை வாடகை கட்டியாயிற்று.
ஒருபக்கம் வைக்கோல் உருளைகள்,
மறுபக்கம் தார்ப்பாய் போர்த்திய
யார் யாருடையவோ கோடைகாலங்கள்.
போன வருஷம் ஒருவருடைய பம்ப்
உறைந்து பிளந்ததாம்.
நானூற்றெண்பது யூரோ என்று
காற்றில் விரலால் எழுதிக் காட்டிவிட்டு
டிராக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

யோகனும் நானும் பேசி
இருபத்திரண்டு நாள்.
ஆன்சியிலிருந்து திரும்பும் வழியில்
ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்று
நான் மூன்றாம் தடவையும்
ஓட்டுநர் பரீட்சையில் கோட்டைவிட்டதை
தன் அக்காவுக்குப் போனில்
சிரித்துச் சிரித்துப் பரிமாறினான்.
அன்றிலிருந்து
குளிர்பெட்டிக் கதவில்தான் எங்கள் குடித்தனம்.
பால் இல்லை.
குப்பை வண்டி செவ்வாய்.

ஆனால் கையேடு, பக்கம் முப்பத்தொன்று,
ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது:
இதற்கு இரண்டு பேர் வேண்டும்.
உறைதடுப்பு திரவத்தை ஒருவர் உள்ளே ஊற்ற
வெளியே குழாய் வாயில்
மற்றவர் நிறம் பார்க்க.

தண்ணீரை அடைத்தேன்.
வெந்நீர்க் கலன் பெருமூச்சுவிட்டுக் காலியாயிற்று.
வடிகட்டியைத் திருகி
கீழே கேக் தட்டை ஏந்தினேன்.
கொஞ்சம் கறுத்த நீர்,
கொஞ்சம் ஏரிக்கரை மணல்,
என் கொண்டை ஊசி,
ஜூலை முழுக்க அவன் தேடி
என்னைச் சந்தேகித்த
கடைத் தள்ளுவண்டி வில்லை.
அதைக் கழுவி, அவன் கண்ணில் படும்படி
ஜன்னலோரம் வைத்தேன்.

உலர்த்தியின் வலையில் பஞ்சு.
அவன் சட்டை, என் துவாய், படுக்கை விரிப்பு
எல்லாம் அரைபட்டு ஒரே சாம்பல் நிறம்.
அதற்கு அர்த்தம் தேடும் மனநிலையில்
நான் இல்லை.
உருட்டிக் குப்பைப் பையில் போட்டேன்.

பிறகு ஊற்றினேன், ஒன்றரை லிட்டர்.
கல்யாண வீட்டுச் சர்பத்தின் நிறம்,
மணம் மட்டும் ஆஸ்பத்திரி.
திருகியை வெளியேற்றத்துக்குத் திருப்ப
இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.
வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து
மல்லாந்து கிடந்தான் அவன்.

"வந்திட்டுதோ?"
கேட்டது நான்தான்.
"இல்லை."

"இப்ப?"
"வெறும் தண்ணி."

"இப்ப?"
"பொறு... பொறு...
கொஞ்சம் வெளிறினமாதிரி...
ஓம், வருது, நல்லா வருது,
நிப்பாட்டு! நிப்பாட்டு!"

அவ்வளவு சொற்களை
ஒரே மூச்சில் அவனிடம் கேட்டு
எத்தனை நாள்.

முழங்கைவரை இளஞ்சிவப்பாய் எழுந்து வந்தான்.
துணியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.
அக்காவைப் பற்றி
இருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக ஒரு குறிப்பு:
கதவை முழுக்கச் சாத்தினால்
பூஞ்சணம் பிடிக்கும்.
ரப்பர் மடிப்புக்குள் ஒட்டிக் கிடந்தது
அவனுடைய காலுறை ஒன்று.
அதையே நாலாய் மடித்து
இடுக்கில் செருகினேன்.
இரண்டு விரல் அகலத்துக்குத்
திறந்தே நின்றது கதவு.

"மற்றது எங்க?"

"மார்ச்சில தேடுவம்."