ஒன்றரைச் சாண்

மார்ச் கடைசி. ஒஸ்திராவாவில் இன்னும் பனிச்சேறு.
அடுக்களை மேசையில் பழைய பிஸ்கட் தகரம்,
அதற்குள் என் ப்ரீஆம்ப்.
நாற்பத்தேழு கிலோ ஓம் இரண்டு தேவை என்பதற்கு
நூறு வாங்கி, ஒவ்வொன்றாய் மல்டிமீட்டரில் அளந்து,
இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்துப்போன இரண்டை எடுத்தேன்.
மீதித் தொண்ணூற்றெட்டும்
ராதிமின் சர்க்கரை ஜாடியில்.

முதல் நாள் ம்ம்ம் என்றது.
இசைத்தட்டு சுழலாமலே ம்ம்ம்.
தரைக்கம்பிகள் எல்லாவற்றையும் பிடுங்கி
ஒரே திருகாணியில் கட்டினேன்.
வாயை மூடிக்கொண்டது.
அந்த மௌனத்தைப் பத்து நிமிடம் கேட்டேன்,
அதற்காகவே செய்தவள் மாதிரி.

பிறகு அளவு சரிபார்க்க
ஆயிரம் ஹெர்ட்ஸ், ஊசி போன்ற ஒற்றைச் சுரம்.
இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
ஒரு செருப்பு மட்டும் தேய்ந்த ஆள்போல
வலப்பக்கம் சாய்ந்தது.

இடப்பக்க ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தேன்.
சிப்பை மாற்றினேன். கெபாசிட்டரைத் திட்டினேன்.
கம்பிகளை இடம் வலம் மாற்றிச் செருகினேன்,
சாய்வு வலப்பக்கமே இருந்தது.
டிரிம்மரை முறுக்கி முறுக்கிச்
சுரத்தை நடுவுக்கு இழுத்து வந்தபோது
பர்த்தோஷிடம் கடன் வாங்கிய ஆசிலாஸ்கோப்பில்
இட அலை மலை, வல அலை மேடு.

கூடம் கோணல் என்று சொல்ல
இன்னும் சுவர்கள்தான் பாக்கி.
நாற்காலியைத் திருப்பிப் போட்டுப்
பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

குற்றம் அப்படியே அடுத்த பெட்டிக்குப் போனது.

பத்தொன்பது வருஷம் எஃகு உருட்டாலையில் கிரேன்.
கூண்டின் இடப்பக்கம் கண்ணாடி கிடையாது,
பாளம் விழுவதை எட்டிப் பார்க்க வசதி என்று
யாரும் போடவில்லை,
நானும் கேட்கவில்லை.

டிரிம்மரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.
இரண்டு அலையும் ஒன்றின்மேல் ஒன்று, மயிரிழை பிசகாமல்.
அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு, சிவப்பு.
இனி யார் காதுக்காகவும் அது அசையாது.

நாற்காலியைத்தான் நகர்த்தினேன், இடப்பக்கமாக,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
பாடுகிறவள் நடுவில் வந்து நிற்கும்வரை.
ஒன்றரைச் சாண்.
தரையில் சாக்கட்டியால் நான்கு கால்களுக்கும் குறி.

ராதிம் என் இடப்பக்கம் நின்று
ஏதோ சொல்லியிருக்கிறான்.
என்ன என்றேன்.
நாற்காலி ஏன் தள்ளிக் கிடக்கிறது என்று
மூன்றாம் முறையாகக் கேட்டான்.