ஆளுக்குச் சிவப்பு, கூட்டுக்கு மஞ்சள்

மவுசாகலைத் தண்ணீரில் இரண்டு கட்சி.
மேலே நாங்கள், பதினேழு தோணி.
கீழே அவர்கள்,
சனிக்கிழமை வேனில் வந்து
கேஸ் சிலிண்டர் மாதிரி ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு
காசு கொடுத்து மூழ்குகிறவர்கள்.
நாங்கள் கடனில் மூழ்குகிறோம். அது இலவசம்.

சங்கத்துக் குறிப்பேடு என் கையில்.
கையெழுத்து அழகு என்பதால் அல்ல,
மற்ற எல்லாருடைய கையும் ஈரம்.

முதல் முறைப்பாடு: சன்னாசியின் வலை
ஒன்றரைப் பாகம் அறுந்து கிடந்தது.
கத்தி பட்ட நைலோனுக்குப் பிசிறு இருக்காது.
அடுத்தது, இறால் கூடுகள் காணாமல் போகின்றன.
நீலக்கை இறாலுக்கு ஹோட்டல்காரன் சொல்லும் விலையை
அந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை.
அவர்களுக்கும் ஒன்று இருந்தது:
வேன் டயர் நாலிலும் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்களாம்.
'காத்த நம்பித்தானே பொழைக்கிறாங்க'
என்றான் டில்ஷான், அவனை யாரும் கேட்காமலே.

மழை நாளில் மீன் நிறுக்கும் கொட்டகையில் கூடினோம்.
'வலையை வெட்டியது நான்,' என்றாள் தினுஷி,
கொழும்பில் பல் வைத்தியர்.
பழைய டவுன் பக்கம், சகதி கிளம்பி
தன் கையே தனக்குத் தெரியாத இடத்தில்
காலை ஏதோ பிடித்தது.
உதறினாள். இன்னும் பிடித்தது.
மானியின் முள் சிவப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.
அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
நான் தமிழில் எழுதினேன்.
சன்னாசி பீடியைக் கீழே போட்டார்.
எங்கள் வலைக்குள் போய்வந்த எதுவும்
உள்ளே எப்படி இருந்தது என்று
இதுவரை வந்து சொன்னதில்லை.

பிறகு இம்தியாஸ் உரப்பையைக் கொட்டினான்.
பதினொரு கூடு. பாசி ஏறி, கயிறு இற்று.
மூன்று முடிச்சு போட்டது சன்னாசியுடையது.
சைக்கிள் டியூப் சுற்றியது டில்ஷானுடையது.
களவு போனதாக நான் மை ஊற்றி எழுதியவை
அடியில் கிடந்து வேலை செய்துகொண்டே இருந்திருக்கின்றன:
ஒன்றுக்குள் ஓர் இறால் ஓடு,
அதைத் தின்ன வந்த இன்னொன்றின் ஓடு,
அதையும் தின்ன வந்து
மீசை மட்டும் அசைகிற ஒன்று.
யாருக்காக இந்த உழைப்பு?
அரைப் பேர்கூட விழாத வேலை.

உடனே சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.
வலைக்கு நாலாயிரம் என்றார் சன்னாசி.
டயருக்குக் காற்றடித்த எண்ணூறு என்றான் இம்தியாஸ்.
கழித்துக் கொடுத்தார்கள். எண்ணி வாங்கினார்.
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

விடிந்ததிலிருந்து பத்து மணிவரை தண்ணீர் எங்களுக்கு,
அதற்குப் பிறகு அவர்களுக்கு.
கூடு கிடக்கும் இடத்தில் மஞ்சள் எண்ணெய்க் கேன்,
ஆள் கிடக்கும் இடத்தில் சிவப்புத் துணி.
தொலைந்த கூட்டை எடுத்துத் தந்தால் இருநூறு.
'தூக்குறதுக்கு இருநூறா' என்று டில்ஷான் கை உயர்த்தவில்லை.
அதையும் எழுதினேன்.
சிவப்புக்குப் பஞ்சமில்லை,
போன மே தினத்துக் கொடியைக் கிழித்துக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை கரையில் நின்றிருந்தேன்.
மேகம் மலையை விட்டு இறங்கித்
தண்ணீரில் கால் வைத்திருந்தது.
சிவப்புத் துணியைச் சுற்றிக் குமிழி வெடித்தது.
டில்ஷான் தோணியை நிறுத்தித்
துடுப்பை மடியில் போட்டுக்கொண்டான்.

குமிழி நின்றது.
அவன் எழுந்து நின்றான்.
உதடு அசைந்தது. எண்ணினானா, ஏசினானா,
அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டடி தள்ளி ஒரு தலை எழும்பியது,
கண்ணாடியும் குழாயுமாக.
அவன் உட்கார்ந்தான்.
கைத்தொலைபேசியில் மணி பார்த்தான்.
'ஒம்பதரைதான் ஆகுது! எங்க நேரம்!'
என்று மலைக்கு மலை கேட்கக் கத்தினான்.
கத்திவிட்டு,
அந்தத் தலை கரைக்குப் போகும்வரை
துடுப்பைத் தொடவில்லை.