லிதுர்கியாவுக்கு வெளியே

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
வோலோஸ் துறைமுகத்து ஆஸ்பத்திரியில்
மாதம் இருமுறையாவது அந்தப் பலகையை மாட்டுவேன்:
‘லிதுர்கியாவுக்கு வெளியே.’
இயங்கவில்லை என்பதை எங்கள் மொழியில் அப்படித்தான் சொல்வோம்.
ஞாயிறு பூசைக்கும் அதே சொல்தான்.
நகராட்சி மன்றத்தில் இரண்டாம் கல்யாணம் முடித்த நாளிலிருந்து
பன்னிரண்டு வருடமாக
என் கழுத்திலும் அது தொங்குகிறது.
நற்கருணைக் கரண்டி என் உதடுவரை வந்ததில்லை.

புதன், உச்சிவேளை.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பெட்டி சிக்கிக்கொண்டது.
உள்ளே எவ்மேனியோஸ் சாமியார்,
அவர் மார்பில் சிவப்புப் பட்டுப் பை.
ஐந்தாம் மாடியில் கலிரோய் அம்மாள்
மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு
நான்காம் தளத்தில் குப்புறப் படுத்துக் கதவை நெம்பினேன்.
கீழே கறுப்புத் தொப்பி, வியர்த்த நெற்றி.
“கெனோவைப் பார்த்து, சாமி. காலை வெளியே நீட்டாதீர்கள்.”
கெனோ: வெற்றிடம்.
தூக்கி ஓடும் குழிக்கு நாங்கள் இட்ட பேர்.
பயந்தவர்கள் பேசுவார்கள். அவரும் பேசினார்:
“இந்தச் சொல்லுக்காகக் குருமடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தேன், அர்கீரிஸ்.
கெனோசிஸ்.
நிறைந்திருந்தவர் தம்மை வெறுமையாக்கிக்கொண்டு இறங்கினார்.”
“எத்தனை மாடி?”
“அடித்தளம் வரை. அதற்கும் கீழே.”
பகடியாகத்தான் கேட்டேன்.
பதில் குழிக்குள் போய் எதிரொலித்தது.

“முதலில் இதை வாங்கிக்கொள்.” பையை நீட்டினார்.
என் கையெல்லாம் கிரீஸ். கையை மட்டுமா சொல்கிறேன்.
“சட்டப்படி நான் தொடக் கூடாதே?”
“சட்டப்படி என்றால் அக்ரீவியா.” நடுங்கிக்கொண்டே சிரித்தார்.
மயிரிழை பிசகாத கண்டிப்புக்கு அக்ரீவியா என்று பேர்;
கடைத்தெருவில் அதற்கே விலைவாசி என்று அர்த்தம்.
இந்த மாதம் ஒலிவ எண்ணெய் விற்கும் விலையும் அக்ரீவியாதான்.
“அந்த விலைக்கு வாங்க யாரிடம் இருக்கிறது?
இகொனொமியா இருக்கிறது, பிடி.”
வீட்டுக்காரி பானையின் அடியைப் பார்த்து
எல்லோருக்கும் எட்டும்படி அளந்து போடுகிறாளே,
அது இகொனொமியா.
கடவுளும் அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாராம்.

வாங்கினேன். அவர் மார்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.
சட்டைக்குள் போட்டுக்கொண்டேன், வேறெங்கே வைப்பது.

பிறகு அவரை.
விரலைப் பிடித்தால் வழுக்கும்;
மீட்புப் பயிற்சியில் முதல் பாடம், மணிக்கட்டைப் பிடி.
பிடிக்கும்போதுதான் நினைவு வந்தது கோயிலின் வடக்குச் சுவர்:
பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து,
ஆணி, கீல், தாழ்ப்பாள், சாவி எல்லாம்
இருட்டில் சிதறிக் கிடக்க
(சின்ன வயதில் அவற்றை மட்டுமே எண்ணிக்கொண்டு நிற்பேன். பதினேழு.)
உயிர்த்தவர் ஆதாமைத் தூக்குகிறார்.
கைகோத்து அல்ல. மணிக்கட்டைப் பிடித்து.
ஆதாமின் விரல்கள் துவண்டு தொங்குகின்றன,
அவன் பங்குக்கு ஒன்றுமே இல்லை.
கிருபை, கிருபை என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்.
அது தொண்ணூறு கிலோ என்று
இழுக்கும்போதுதான் தெரிந்தது.

அங்கி கிழிந்தது. பையைத் திருப்பிக் கொடுத்தேன்.
படியேறி ஓடியவர் திருப்பத்தில் நின்று
“எஃப்கரிஸ்தோ” என்றார்.
நன்றி.
பைக்குள் இருந்ததற்கும் அந்தப் பேர்தான், எஃப்கரிஸ்தியா.
“பரவாயில்லை” என்றேன், எல்லோரையும் போல.

கலிரோய் அம்மாள் விழித்திருந்தாளா என்று நான் கேட்கவில்லை.
பிரேக் கட்டை தெசலோனிகியிலிருந்து வர நான்கு நாள்.
அதுவரை பலகை தொங்கியது.

சனிக்கிழமை, சாமியார் வீட்டுக் கொடியில்
துவைத்துக் காயப்போட்ட சிவப்புப் பை.
ஓரத்தில் என் கட்டைவிரல் அச்சு.
கிரீஸ் அவ்வளவு லேசில் போகாது.