இருபத்தேழு எலும்புகள்

நாக்குக்கு நரம்பில்லை என்பார்கள்.
லோர்னா விட்டகரின் கைக்கு உண்டு.
ஒரு கைக்கு எலும்பு இருபத்தேழு,
குளிர் வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கும்.

சட்டமன்றப் படிக்கட்டில்
மைக் முன் யார் நின்றாலும்
இடப்பக்கம் மூன்றடி தள்ளி நிற்பவள் அவள்.
பேசுவதைச் சைகையாக்குவது வேலை.
கறுப்புச் சட்டை
விரல் தெளிவாகத் தெரியத்தான், துக்கத்துக்கல்ல.

ஏப்ரலில் ஹார்லன் ஓடைத் தேவாலயம். ஒன்பது பேர்.
சுட்டவன் அலமாரியில் கிடைத்தது
செனட்டர் ஹாஸ்கெல் கட்சியின் தொப்பி.
"மனம் பிறழ்ந்தவன். தனி ஆள்.
அரசியல் பேசும் நேரமல்ல இது"
என்றார் ஹாஸ்கெல்.
அவள் ஒற்றை விரலை நிமிர்த்தினாள்,
மணிக்கட்டைத் தட்டிக் காட்டி
இல்லையென்று தலையசைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கட்சியின் ட்ரெம்ப்ளே:
"தனி ஆளா?
அவனுக்குச் சோறூட்டிய பேச்சு யாருடையது?"
உதட்டில் வைத்த விரல்
துப்பாக்கியாக நீண்டது.

அக்டோபரில் மெரிடன் சந்தைத் திடல்.
பதினொருவர்.
இந்த முறை காரின் பின்புறம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்
ட்ரெம்ப்ளே கட்சியுடையது.

மாமியார் உடைத்த குடம், மருமகள் உடைத்த குடம்,
அந்த ஊரில் இதற்கு என்ன பழமொழியோ.
உடைந்தது குடமுமல்ல.

ட்ரெம்ப்ளே தொண்டையைச் செருமினார்.
"மனம்..." என்று தொடங்கினார்.
அதற்குள் லோர்னாவின் விரல் நிமிர்ந்து,
மணிக்கட்டைத் தட்டி,
தலையும் அசைந்து முடிந்துவிட்டது.
வாக்கியம் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.
கேமராக்கள் எதையும் கவனிக்கவில்லை.

இரண்டாம் வரிசையில் ஒருவர் கவனித்தார்.
ஆர்லோ ப்ரிஸ்பி. செங்கல் அடுக்குபவர்.
பிறவியிலேயே காது கேளாது.
மகள் அந்தச் சந்தையில் பூசணி விற்றாள்.

நடைவழியில் மறித்து, சைகையில் கேட்டார்:
"ஏப்ரலில் இதை நீ அந்த ஆள் வாயில் வைத்தாய்.
இன்று இவர் வாயில்.
அவர் சொன்னதை இவருக்கு மாற்றிப் போட்டுவிட்டாயா?
பிசகு உன் கையிலா?"

பிசகாக இருந்தால் நல்லது என்பதுபோல்
பார்த்துக்கொண்டு நின்றார்.

சொந்தமாக எதுவும் சொல்லக் கூடாது,
அது தொழில் விதி.
பதினாறு வருடம் மீறியதில்லை.
கைகள் கோட்டுப் பைக்குள் போயின,
கைக்குட்டையைக் கசக்கின,
திரும்பி வெளியே வந்தன.

"இல்லை" என்றாள்.
அப்புறம், "அவள் பெயர்?"
மேடையில் இரண்டு மணி நேரத்தில்
யாரும் சொல்லாததால்
அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

சுண்டுவிரலால் கன்னத்தில் ஒரு கொக்கி போட்டார்.
ஜூனி.
சிரித்தால் அங்கே குழி விழுமாம்.

லோர்னா தன் கன்னத்தில் போட்டுப் பார்த்தாள்.
அவர் தலையை ஆட்டினார்,
சிமென்ட் வெடித்த விரலால்
அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நகர்த்தினார்:

இன்னும் கொஞ்சம் மேலே.