முப்பத்தைந்து

இடக்காலை மெதுவான பட்டையில் வைக்கச் சொன்னாள் சிஸ்ஸெல்.
வலக்காலை வேகமானதில்.
ஒன்று நொடிக்கு அரை மீட்டர், மற்றது ஒரு மீட்டர்.
"உங்கள் நொண்டலை இன்னும் பெரிதாக்கப் போகிறேன், ஓட்வர்,
திட்டக்கூடாது" என்றாள்.
கூரையிலிருந்து தொங்கிய வாரில்
கப்பலுக்கு ஏற்றும் சரக்கைப் போல நான்.
முழங்காலில் ஒட்டிய வெள்ளிப் பொட்டுகளை
எட்டுக் கேமராக்கள் முறைத்தன.
வெளியே மழை.
(பெர்கனில் மழை என்பது
கடலில் உப்பு என்பது போல.)

மார்ச்சில், தீவுப் படகின் தளத்தில்,
கரைக்கு வடம் எறியக் கை ஓங்கினேன்.
வடம் போகவில்லை, கைதான் போனது.
துறையில் நின்ற பையன்
பிடிக்க நீட்டிய கையை மடக்காமல் சிரித்தான்,
கிழவன் வேடிக்கை காட்டுகிறான் என்று.

பக்கவாதம் என்ற சொல்லை அடுத்த நாள்தான் கேட்டேன்.
தலைக்குள் வலப்பக்கம் ஒரு குழாய் அடைத்ததாம்.
படத்தில் அந்த இடம்
பனி உருகித் தெரியும் பாறையாய்க் கறுத்திருந்தது.
"பின்னால் இருக்கும் சிறுமூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.
பிழையைப் பார்த்துத் திருத்துவது அதுதான்.
அதற்குத் தீனி பிழை.
தாராளமாகப் போடவேண்டும்" என்றாள் சிஸ்ஸெல்.

பிழைக்கா பஞ்சம்?
ஏழு மாதமாய் வீடெங்கும் இறைத்து வைத்திருக்கிறேன்.
நிலைப்படியில் இடித்த தோள்,
எட்டாத குவளை,
உதட்டைத் தவறவிட்டு
ஓஸ்லாக்கின் காதில் விழுந்த ஒரு முத்தம்.
ஆனால் எல்லாம் சில்லறையாய் இருந்ததால்
இதுதான் இனி நடை என்று
மூளை கையெழுத்துப் போட்டுவிட்டது.

பட்டைகள் ஓடின.
ஒரு கால் அவசரத்துக்குப் பிறந்தது, ஒரு கால் ஞாயிற்றுக்கிழமைக்கு.
திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
பிறகு, நான் கேட்காமலே,
இடுப்புக்குள் யாரோ கணக்குப் போடத் தொடங்கினார்கள்:
அங்கே குறை, இங்கே கூட்டு, கொஞ்சம் பொறு.

அந்த ஆளை எனக்குத் தெரியும்.
இருபது வயதில், வடகடலில் முதல் குளிர்காலம் முடிந்து
சமையலறையில் நின்றபோது
தரை ஏறி இறங்கியது.
கடலுக்குப் பழகிய கால்
கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.
ஓஸ்லாக் என் காபியைப் பிடுங்கிக்கொண்டு
"உட்கார், வீடு நங்கூரம் போடட்டும்" என்றாள்.
தரை தரையாக மூன்று நாள் ஆனது.

சிஸ்ஸெல் பொத்தானை அழுத்தினாள்.
இரண்டு பட்டைக்கும் ஒரே வேகம்.
நல்ல கால் உள்ளவர்கள் இந்த இடத்தில் நொண்டுவார்களாம்;
பனிச்சறுக்கு ஓடும் மாணவன் ஒருவன்
போன வாரம் வாத்தாகிப் போனானாம்.
எனக்கோ,
இடம், வலம்.
இடம், வலம்.
காதுக்குத்தான் முதலில் தெரிந்தது.

வாரைக் கழற்றி நடைவழியில் விட்டாள்.
எண்ணினேன்.
மேலங்கிக் கொக்கிகளைத் தாண்டிப் பதினெட்டு,
மீன்தொட்டியைத் தாண்டி முப்பத்தொன்று.
முப்பத்தாறில் இடக்கால்
தன் பழைய வட்டத்தைப் போட்டது,
இரவெல்லாம் சுற்றிவிட்டு
யாரையும் பார்க்காமல் உள்ளே வரும் பூனை போல.

நிலைக்காது என்று முன்பே சொல்லியிருந்தாள்.
வாரக்கணக்கில் செய்தால் சிலருக்குக் கொஞ்சம் தங்கும்;
சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை.
தாளில் 35 என்று எழுதி, வியாழன் பத்து மணி என்றாள்.

வாசலில் ஓஸ்லாக் குடையில்லாமல் நின்றாள்.
"முப்பத்தைந்து" என்றேன்.
என்ன முப்பத்தைந்து என்று அவள் கேட்கவில்லை.
கைத்தடியும் நானும் அவளும் சரிவில் இறங்கினோம்.
டிராம் வந்துவிட்டது.
கதவைப் பிடித்து நிறுத்த
அவள் மட்டும் முன்னே விரைந்தாள்.

பின்னாலிருந்து பார்த்தேன்:
அவளுடைய வலக்கால்
ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கணம் காத்திருந்து
காத்திருந்து
போனது.
பக்கத்தில் யாருமில்லை.