சுட்டுவிரல்

ஓல்ற்றனில், ஒரு தச்சுப்பட்டறைக்கு அடியில்
முப்பத்தொரு படி இறங்கினால் நிலவறை.
யுத்தம் வந்தால் பதுங்கவென்று கட்டினார்களாம்.
வரவில்லை.
இப்போது அங்கே ஆறு பேர் சுடப் பழகுகிறோம்.

பணப்பெட்டி வண்டியில் எனக்கு வேலை.
பரீட்சை தாண்டினால்தான் அனுமதி அட்டை,
அட்டை வந்தால்தான் மணிக்கு நாலு பிராங் கூட.
ஏன் துவக்கு என்று கேட்ட படிவத்தில்
அந்த நாலு பிராங்கைத்தான் எழுதப் பார்த்தேன்.
தொழில் என்று எழுதினேன்.

ஊர்சினுக்கு என் வயதில் பாதி.
முதல் விதி சொன்னான்:
எந்தத் துவக்கும் நிரம்பியதே,
வெறுமையாய் இருந்தாலும் நிரம்பியதே.
மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.
நான் எழுதவில்லை.
வெறுந் துவக்கு என்று ஒன்றை
எங்கள் ஒழுங்கையில் எவரும் நம்பியதில்லை.

"இது லௌஃப்" என்று குழலைக் காட்டினான்.
மொழி வகுப்பின் முதல் மாதத்தில்
லௌஃப் என்றால் ஓடு என்று படித்திருந்தேன்.
பெயராய் நின்றால் குழல்,
ஏவலாய் வந்தால் ஓடு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
விஷயம் தெரிந்தவன்.

விரல் வெளியே, என்றான்.
சுடுவதென்று முடிவெடுக்கும்வரை
விசைக்கு வெளியே, நேராக, பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும்.
என்னுடையது தானாக மடங்குகிறது.
மூன்று தரம் பேனையால் தட்டி நிமிர்த்தினான்.
சுட்டுவிரல்.
காட்டுகிற விரலா, சுட்டு முடித்த விரலா,
பெயர் பிடிகொடுக்கவில்லை.

மத்தியானம் மறைத்துக் காவும் பாடம்.
இடுப்பு உறையில் நீல ரப்பர் துவக்கு, மேலே அவரவர் கோட்,
எதிரே ஆளுயரக் கண்ணாடி.
நகைக்கடை பீற், பல்வலிக்காரன் கன்னத்தைத் தொடுவதுபோல்
இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
"தொடாதீர்கள். கைதான் காட்டிக்கொடுக்கும்."
நான் நடந்தேன், திரும்பினேன், குனிந்து சப்பாத்து நாடா கட்டினேன்.
"முன்பு காவியிருக்கிறீர்களா, ஃபிராவ் தவநாயகம்?"
இல்லை என்றேன்.
உண்மைதான்.

தாண்டிக்குளத்தில் பதினேழு வயது,
கொண்டைக்குள் நாலு பென்டோச் பற்றரி.
வீட்டு ரேடியோவுக்கு. செய்தி கேட்க.
அதற்கும் தடையிருந்த காலம்.
வரிசை நாலு மணித்தியாலம்.
தலை வேர்த்தது, கடித்தது.
சொறியவில்லை.

கடைசி விதி:
குறிக்குப் பின்னால் என்னவென்று அறிந்துகொள்.
தாளுக்குப் பின்னால் ரப்பர் திரை,
திரைக்குப் பின்னால் மணல், பிறகு கொங்கிறீற்.
"அதற்குப் பின்னால்?"
"மண்."
"அதற்கும் பின்னால்?"
ஊர்சின் யோசித்தான். ஆரே ஆறு, என்றான்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
ஆற்றுக்கும் அந்தக் கரை ஒன்று இருக்குமே,
கரையில் யாராவது நாயோடு நடப்பார்களே.
கேட்காமல் விட்டேன், வரிசை காத்திருந்தது.

காதுமூடிக்குள் சத்தம் சின்னது.
இவ்வளவுதானா என்று வெட்கமாய்க்கூட இருந்தது.
மணிக்கட்டு மட்டும் துள்ளி நினைவூட்டியது.
ஐந்தில் ஒன்று தாளின் ஓரத்தில்.
மற்ற நாலும் எங்கே என்று மணலைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை பல் வைத்தியசாலையில் துப்புரவு,
இந்த மாதத்தோடு விடப்போகிறேன்.
கண்ணாடிக் கதவுக்குத் தெளிப்பான் போத்தலை எடுத்தேன்.
அதற்கும் ஒரு விசை இருக்கிறது, இத்தனை வருடம் கவனிக்கவில்லை.
விரல் தானாக நேராகி
போத்தலின் பக்கத்தில் படுத்திருந்தது.

கதவுக்கு அப்பால், காத்திருக்கும் கதிரையில்,
வாயில் பஞ்சோடு ஒரு சிறுவன்.
கைகாட்டி அவனைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.
ஏனென்று அவனுக்கு விளங்கவில்லை.
தள்ளி உட்கார்ந்தான்.
பிறகு தெளித்தேன்.